அந்தக் குரலுக்கு ஓர் உடம்பு இருக்கிறது

அனிமே பார்க்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்களிடம் நேரிலேயே சொல்ல வேண்டியதை அன்று சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு மாடி அறையில் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தீர்கள். அட்டையில் வெட்டிய மான்கொம்பைத் தலையில் கட்டிக்கொண்டு நான்கு தங்கைகள் 'ஷிகானோகோ நோகோநோகோ கோஷிதன்தன்' தொடரின் தொடக்கப் பாட்டுக்கு ஆடினார்கள். ஜப்பானிய வரிகள் ஒன்றுகூடப் பிசகவில்லை. தெரியாத மொழியின் பாட்டை இவ்வளவு ஆசையாக மனப்பாடம் செய்திருக்கிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஒரு தம்பி தன் போனை ஸ்பீக்கரில் இணைத்தார். "இதைக் கேளுங்க" என்றார். அந்தத் தொடரில் வரும் பள்ளி மாணவி தோராகோவின் குரல், தமிழில். முதல் வரி, "டேய், சாப்டியாடா?" அறையே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். இரண்டாவது வரியில் கெட்ட வார்த்தை. மூன்றாவது வரி எந்தப் பெண்ணும் தன் வாயால் சொல்லக் கூசுவது. சிரிப்பு இன்னும் கூடியது. எப்படிச் செய்தாய் என்று யாரோ கேட்டார்கள். எபிசோடுகளிலிருந்து அவள் பேசுவதை மட்டும் வெட்டியெடுத்து ஓர் ஏஐ செயலியில் போட்டேன், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை என்றார். என் பக்கத்தில் இருந்த தங்கை சிரிக்கவில்லை. மான்கொம்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் குரல் யாருடையது என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. ஃபுஜிதா சாகி என்பது அவர் பெயர்.

நான் பதினோரு ஆண்டுகள் சென்னையில் டப்பிங் பேசியவள். மொழிமாற்று சீரியல், விளம்பரம், படங்களில் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்தும் குரல் எல்லாம் செய்திருக்கிறேன். நீங்கள் யாரும் என் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஒருமுறை, நான் ஒரு பொருளுக்காகப் பேசிய விளம்பரத்தின் குரலை வெட்டி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வேறொரு பொருளின் விளம்பரத்தில் ஒட்டியிருந்தார்கள். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது மேலே மாட்டியிருந்த டிவியிலிருந்து என் குரல் வந்தது. நான் சொல்லாத இடத்தில், சொல்ல நினைக்காத ஒன்றை என் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்தவர் என் சேலையை உடுத்திக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்ததுபோல் உடம்பு கூசியது. போய்க் கேட்டேன். "குரல்தானே அம்மா" என்றார்கள். அந்தப் பதிலைத்தான் அன்று உங்கள் சிரிப்பிலும் கேட்டேன்.

குரல்தானே என்று நினைக்காதீர்கள். தோராகோவையே எடுத்துக்கொள்வோம். டோக்கியோவின் ஹினோ நகரத்துப் பள்ளியில் அவள் முன்மாதிரி மாணவி. முன்பு ரௌடித்தனம் செய்தவள் என்பதை மறைத்து வைத்திருக்கிறாள். மின்கம்பியில் கொம்பு சிக்கித் தொங்கும் நோகோதான் என்ற மான்கொம்புப் பெண்ணைச் சந்தித்த நாள் முதல் அந்த வேஷம் கலைந்துகொண்டே போகிறது. ஒரே வாக்கியத்தை மரியாதையான மாணவியின் குரலில் தொடங்கி, நடுவில் தெருச்சண்டைக் குரலுக்குத் தாவி, யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடி பூப்போல முடிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஃபுஜிதா சாகிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நொடி. ஜப்பானிய நகைச்சுவையில் அபத்தமாகப் பேசுகிறவர் போகே, அதை அடித்துத் திருத்துகிறவர் ட்ஸுக்கோமி. தோராகோ ட்ஸுக்கோமி. நம் செந்திலும் கவுண்டமணியும் ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை. கவுண்டமணியின் பதில் அரை நொடி பிந்தினால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். எதிரே நோகோதானாக ஹான் மெகுமி. 2011இல் தொடங்கிய 'ஹண்டர் ஹண்டர்' தொடரில் கோன் என்ற பையனாகப் பேசியவரே இவர். இங்கே எதற்கும் அசையாத, வெள்ளந்தியான ஒரு தொனியைப் பிடித்துக்கொண்டு அதைவிட்டு இறங்கவே மாட்டேன் என்கிறார். ஒருவர் அசையாமல் இருப்பதால்தான் மற்றவர் வெடிப்பது சிரிப்பாகிறது.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் படத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பதை அஃப்ரெகோ என்பார்கள். பெரும்பாலும் திரையில் ஓடும் படம் முடிந்திருக்காது. வெறும் கோட்டோவியமாக இருக்கும். உதடு இருக்க வேண்டிய இடத்தில் யார் பேச வேண்டும் என்ற குறி மட்டும் வந்துபோகும். மூன்று நான்கு மைக்குகளை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். தன் வரி வரும்போது ஓசையில்லாமல் முன்னே நகர்ந்து, பேசி முடித்து, ஓசையில்லாமல் விலக வேண்டும். தாள் புரட்டும் சத்தம் கேட்கக் கூடாது. துணி சரசரக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தியதை இன்னொரு முறை கேட்பார்கள், மறுபடியும் கத்த வேண்டும். ஒரு நாள் முழுக்கக் கத்திவிட்டு வீடு திரும்பி, பிள்ளையை அதட்டக்கூடக் குரல் வராமல் வெந்நீரோடு உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. சிரிக்க வைக்கும் குரல்தான் உடம்பை அதிகம் தின்னும்.

கூலியையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய நடிகர் சங்கத்தின் தரவரிசைப்படி, புதிதாக வருகிறவருக்கு அரை மணி நேர அனிமே ஒரு எபிசோடுக்கு 15,000 யென். நம் கணக்கில் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. அதில் ஏஜென்சியின் பங்கு வேறு. ஒரு வரி பேசினாலும் இருநூறு வரி பேசினாலும் அதே தொகை. நீங்கள் மேடையில் பார்க்கும் பளபளப்பான பாவாடையும் ஒளிவிளக்கும் அவர்கள் வாழ்க்கையில் ஒரு துண்டுதான். மீதி நாளெல்லாம் ஆடிஷன்.

இதைத் தெரிந்துகொண்டபின், 2024இல் நீங்கள் இந்தத் தொடருக்குச் செய்ததைத் திரும்பிப் பாருங்கள். ஜூலையில் ஒளிபரப்பாவதற்கு முன்பே, பாட்டின் தொடக்க வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்ட காணொளி உலகமெங்கும் பரவியது. தொடர் இன்னும் வரவே இல்லை, இந்த ஆண்டின் சிறந்த அனிமே இதுதான் என்று சத்தியம் செய்தீர்கள். மூன்றாவது வாரத்தில் உங்களில் பலர் பாட்டு அளவுக்குப் படம் இல்லை என்று கைகழுவினீர்கள். பிடிக்காமல் போவது உங்கள் உரிமை. எனக்கே சில எபிசோடுகள் இழுவையாக இருந்தன. ஆனால் அந்த ஏமாற்றத்தை யார் தலையில் இறக்கினீர்கள்? கதையைக் கேட்டீர்களா, எடுத்த விதத்தைக் கேட்டீர்களா? இவள் குரல் எரிச்சல், அவள் கத்தல் தாங்க முடியவில்லை, இவளுக்கு வயதாகிவிட்டது என்று நடிகைகளைப் பிடித்துக்கொண்டீர்கள். கத்தச் சொல்லி எழுதியிருந்தது, அவர்கள் கத்தினார்கள்.

இது புதிதில்லை. 2011இல் கியோட்டோ அனிமேஷன் 'நிச்சிஜோ'வை எடுத்தது. அரவி கெய்ச்சியின் மாங்கா, இஷிஹாரா தத்சுயா இயக்கம், இருபத்தாறு எபிசோடு. யூகோவாக ஹோண்டா மரிகோ, மியோவாக ஐசாவா மாய் என்று முன்னணியில் நின்றவர்கள் அன்று பெரிய பெயர்கள் இல்லை. இதே நிறுவனம் அதற்கு முன் தந்த 'லக்கி ஸ்டார்', 'கே-ஆன்' போல இல்லையே என்று முணுமுணுப்பு. டிஸ்க் விற்பனை கைகொடுக்கவில்லை. இன்று உங்களில் யாருடைய போனிலாவது 'நிச்சிஜோ' துண்டு ஒன்று இல்லாமல் இருக்கிறதா? தான் மறைத்துவைத்த படம் இருக்கும் நோட்டைத் தெரியாமல் யூகோவிடம் கொடுத்துவிட்டு, அதைப் பிடுங்க மியோ ஓடும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒருமுறை படத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். ஐசாவா மாய் மூச்சு எங்கே வாங்குகிறார் என்று தேடுங்கள். நான் தொழில் தெரிந்தவள், எனக்கே சில இடங்களில் பிடிபடவில்லை. அதைப் பேசியபோது அவருக்குக் கிடைத்தது முணுமுணுப்பு. பாராட்டு வந்து சேரப் பல ஆண்டு ஆயிற்று.

குரலைத் தாண்டி நடிகைகளின் வாழ்க்கைக்குள்ளும் ரசிகர்கள் நுழைந்தார்கள். உங்களில் சிலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள், உங்களுக்கு முன் வந்த ரசிகர்களின் கணக்கு இது. ஹிரானோ ஆயா 2006இல் ஹருஹி என்ற பாத்திரமாகவும் 2007இல் 'லக்கி ஸ்டார்' கொனாதாவாகவும் பேசி உச்சிக்குப் போனவர். அப்போது அவருக்கு இருபது வயதுக்குள்தான். 2010இல் ஒரு தொலைக்காட்சி உரையாடலில் தன் காதல் அனுபவங்களைப் பற்றிப் பேசினார். அவ்வளவுதான் அவர் செய்தது. கொனாதாவாகப் பேசியவள் காதலிக்கலாமா என்று கொதித்தார்கள், வசையாகக் கொட்டினார்கள். அவர் ஓயவில்லை. 2013இல் 'லே மிசராப்ளே' இசை நாடகத்தில் எபோனினாக மேடையேறினார், 2014இல் 'பாராசைட்' தொடரில் மிகியாக யாருமே எதிர்பார்க்காத ஒரு குரலில் திரும்பி வந்தார். அது அவருடைய திராணி. அந்தத் திராணி இல்லாமல் ஓசையின்றித் தொழிலைவிட்டுப் போன பெண்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். என்னோடு பேசிய இரண்டு பேர் அப்படிப் போனார்கள்.

தங்கைகளே, இதை நான் முக்கியமாக உங்களுக்குச் சொல்கிறேன். நடிகைக்குத் திருமணம் என்ற செய்தி வரும்போது "துரோகம்" என்று எழுதுகிறவர்களில் பெண்களும் இருக்கிறீர்கள். 'கே-ஆன்' அசுசாவாகப் பேசிய தகெதட்சு அயானா, 'அட்டாக் ஆன் டைட்டன்' எரெனாகப் பேசிய காஜி யூகியை மணந்ததை 2019 ஜூனில் அறிவித்தபோது வாழ்த்தியவர்களும் உண்டு, கரித்துக் கொட்டியவர்களும் உண்டு. அவர்கள் உங்களுக்குத் தந்தது அசுசாவையும் எரெனையும். அவை இன்றும் உங்களிடம் பத்திரமாகத்தானே இருக்கின்றன?

இப்போது அந்த ஏஐ குரலுக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் ஃபுஜிதா சாகியின் கதை சாதாரணமானதில்லை. 2007 ஆகஸ்ட் 31ஆம் தேதி சப்போரோ நகரத்து க்ரிப்டன் ஃபியூச்சர் மீடியா வெளியிட்ட ஹத்சுனே மிகு என்ற பாடும் மென்பொருளின் குரல் அவருடையது. ஸ்டூடியோவில் உட்கார்ந்து, பொருளில்லாத அசைகளை ஒவ்வொன்றாகப் பேசிக் கொடுத்தார். எதற்காகப் பேசுகிறோம் என்று தெரிந்து பேசினார். அந்த அசைகளை வைத்து உலகமெங்கும் யார் யாரோ பாட்டுக் கட்டினார்கள். இயந்திரத்துக்குக் குரல் தருவதற்கு எதிரானவர் அவர் என்று யாரும் சொல்ல முடியாது. நம் காலத்தில் அந்த வாசலைத் திறந்தவர்களில் ஒருவரே அவர்தான். திறந்தது அவர் கை. நீங்கள் அன்று செய்தது பூட்டை உடைத்தது.

இதைக் கேட்டால் தொழில்நுட்பத்துக்குப் பயந்தவள் என்று என்னை நினைப்பீர்கள். அப்படியில்லை. காஜி யூகி 2024இல் தன் குரலிலேயே ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு அக்டோபரில், அனுமதியில்லாத ஏஐ குரல் போதும் என்று ஜப்பானில் இருபத்தாறு குரல் நடிகர்கள் சேர்ந்து காணொளி வெளியிட்டார்கள். ஃப்ரீசா என்ற பாத்திரத்துக்குப் பேசிய நகாவோ ரியூசெய், யமதெரா கொய்ச்சி போன்ற மூத்தவர்கள் அதில் இருந்தார்கள். காஜி யூகியும் இருந்தார். தானே மென்பொருள் செய்தவர் அங்கே போய் நின்றதில் ஒரு முரணும் எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான் அவர்கள் சொன்னது.

நமக்கும் இது தெரியாத விஷயமில்லை. 2024இல் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்கான ஊதியமும் கொடுத்ததாக அவரே சொன்னார். அப்படிச் செய்ததே சரியா என்று அன்று வீட்டுக்கு வீடு வாதம் நடந்தது. அனுமதி வாங்கிய குரலுக்கே அவ்வளவு யோசித்த நாம், வாங்காத குரலுக்குக் கை தட்டுகிறோம். அதே ஆண்டு ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் வழக்கில், அவர் குரலை ஏஐ கொண்டு போலி செய்யக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஜப்பானில் பதிவான ஒலிக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் குரலின் சாயலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆகவே ஃபுஜிதா சாகிக்கு இப்போதைக்குக் காவல் சட்டத்தைவிட நீங்கள்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த மாடி அறையில் தன் குரல் என்ன பேசியது என்று அவருக்கு ஒருநாளும் தெரியவராது. அதனாலேயே அதைச் செய்திருக்கக் கூடாது.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. நாம் குரலை நேசித்துக்கொண்டே அதற்குரியவரை மறந்துபோகப் பழகியவர்கள். சிம்ரனின் குரல் என்று நாம் உருகியது சவிதா ரெட்டியின் குரல். நயன்தாரா பேசுகிறார் என்று பல படங்களில் நாம் கேட்டது தீபா வெங்கட்டை. தாமதமாகத்தான் பெயர் கேட்டோம். இப்போது அனிமே தமிழிலும் வருகிறது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ்க் குரலில் நம் தியேட்டர்களுக்கு வந்தது. முண்டியடித்துப் போனீர்கள். அதில் தமிழ் பேசியவர்களில் ஒருவர் பெயரையாவது தெரியுமா என்று நான் கேட்டபோது எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள்.

பெயர் கேட்காததில் நானும் விலக்கில்லை. 2019 ஜூலை 18ஆம் தேதி கியோட்டோ அனிமேஷனின் கட்டடத்துக்குத் தீ வைத்தான் ஒருவன். முப்பத்தாறு பேர் இறந்தார்கள். 'லக்கி ஸ்டார்' இயக்குநர் தகெமோட்டோ யசுஹிரோ, 'நிச்சிஜோ'வின் உருவங்களை வடிவமைத்த நிஷியா ஃபுதோஷி இருவரும் அதில் போனார்கள். அந்த முகங்களைப் பார்த்து ஆண்டுக்கணக்காகச் சிரித்திருந்த நான், வரைந்தவரின் பெயரை மரணச் செய்தியில்தான் முதன்முதலாகப் படித்தேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை. உங்களுக்கு அது வேண்டாம்.

ரசிகர்களால் என்ன முடியும் என்பதும் எனக்குத் தெரியும். 'லக்கி ஸ்டார்' தொடரில் வரும் கோயிலுக்கு மூலமான சைதாமா மாநிலத்து வாஷினோமியா கோயிலுக்கு, 2008 புத்தாண்டில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வந்தார்கள். அதே ஆண்டு அந்த ஊர்த் திருவிழாவில் ரசிகர்களே பல்லக்குத் தூக்கினார்கள். ஊர் அவர்களைத் தன் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட அன்பும் உங்களிடம்தான் இருக்கிறது. அந்த நான்கு தங்கைகள் ஆடியதில் நான் பார்த்தது அதைத்தான்.

ஆகவே கேட்கிறேன். அடுத்த ஸ்கூல் காமெடி வரும். புதிய பெண்கள் நாலைந்து பேர் மைக் முன் வந்து நிற்பார்கள். பிடிக்கவில்லை என்றால் எது பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்: எழுத்தா, வேகமா, எந்தக் காட்சியில் எந்த வரி. அவர்கள் யாரைக் காதலிக்கிறார்கள், எத்தனை வயது, எப்போது திருமணம் என்பதை அவர்கள் வீட்டோடு விட்டுவிடுங்கள். எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடும்போது அடுத்ததற்குத் தாவாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருங்கள். ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டால் தேடிப் படியுங்கள். தமிழில் பேசியவர் யார் என்று கேளுங்கள், நிறுவனங்கள் பெயர் போடும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

அந்தத் தம்பியிடம் தனியாக ஒரு வார்த்தை. உன் மேல் எனக்கு வெறுப்பில்லை. அந்தக் குரலை நீ அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாய், வெட்டியெடுத்திருக்கிறாய், அதன் ஏற்ற இறக்கமெல்லாம் உனக்குத் தெரியும். அந்தக் காதை வைத்துக்கொண்டு நீ நல்லது செய்யலாம். அந்தக் கோப்பு இன்னும் உன் போனில் இருந்தால் இன்றிரவே அழித்துவிடு. யாருக்கெல்லாம் அனுப்பினாயோ அவர்களையும் அழிக்கச் சொல்.

அன்புடன்,
உங்கள் அக்கா ஒருத்தி